மண்டபத் தரையும் முழங்கால்வரை ஏறிய வேட்டியும்

குற்றச்சாட்டு: 1934-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, கோவில்பதாகை அம்மன் கோவில் மண்டபத்தின் புதுத் தரையை வெள்ளிக்கிழமைக்குள் கொத்திச் சொரசொரப்பாக்கும்படி தர்மகர்த்தா செங்கல்வராய முதலியார் வாய்மொழியாக உத்தரவிட்டார். நான்கு மாதம் உழைத்து அந்தத் தரையைப் போட்ட கொத்தனார் கோதண்டத்தின் விளக்கம் கேட்கப்படவில்லை.

கோதண்டம் பள்ளிக்கூடம் போகாதவர். பூந்தமல்லிச் சந்தையிலிருந்து பொட்டலமாக வந்த தாள்களைப் பிரித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அன்று முதல் கைக்கு வந்த எந்தத் தாளையும் எறிந்ததில்லை. முதலியார் எழுதிய கடிதமும் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

அந்தக் கோவிலில் சித்திரைதோறும் இதிகாசம் படிப்பார்கள். அதில் ஐந்து சகோதரர்களின் சபை வரும். தரை தண்ணீராகத் தெரியும், தண்ணீர் தரையாகத் தெரியும். பகையரசன் வந்து ஏமாந்து விழுவான். போன வருஷம் அதைக் கேட்டு உருகிய முதலியார், "நம் மண்டபமும் அந்தச் சபை போலவே அமைய வேண்டும்" என்று கோதண்டத்துக்கு எழுதியனுப்பினார். வேறொருவர் அதை ஆசை என்று எடுத்துக்கொண்டிருப்பார். கோதண்டம் அளவு என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பகுதியை நான்கு முறை படிக்கச் சொல்லிக் குறிப்பெடுத்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்தார், தேய்த்தார், தூண்கள் தரைக்குள் தலைகீழாகத் தெரியும்வரை தேய்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அதே பகுதி படிக்கப்பட்டுக்கொண்டிருக்கையில் முதலியார் வாசலில் வந்து நின்றார். தரையைப் பார்த்தார். வேட்டியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, கால்விரல் நுனியால் மெல்லத் தொட்டார்.

"தண்ணி இல்ல நைனா, தரை! தெகிரியமா வா!" என்றது பெண்கள் பக்கத்துக் குரல் ஒன்று. அது கோதண்டத்தின் மனைவி அங்கம்மா.

சிரிப்பு அடங்குமுன் முதலியார் வேட்டியை இறக்கிவிட்டு விறைப்பாக நடந்தார். தூணோரம் குடிதண்ணீர்ப் பானை கசிந்திருந்தது. அதையும் தரை என்றே நினைத்தவர், சறுக்கி, சபை நடுவே உட்கார்ந்துவிட்டார். கோதண்டம் சிரிக்கவில்லை. அளவு இம்மியும் தப்பவில்லை என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"இன்னாய்யா, என்னிய கூத்து காட்டத்தான் இத்த கட்டினியா?"

"சபை போலவேன்னு நீங்க எழுதினது எங்கிட்ட கீதுங்க."

"எழுதினா? நான் சறுக்கி உழறதுக்கும் சேத்தா கட்டுவே? கொத்திப் போடு!"

வீட்டில் அங்கம்மா கொதித்தாள். "நாலு மாசம் உன் கை தேஞ்சிச்சு. அந்தாளு ஒரு தபா குந்தினதுக்கு இம்மாங் கோவமா? எழுதுய்யா!"

கோதண்டம் பழைய கடிதத்தின் நகலை இணைத்து முதலியாருக்கு எழுதினார்: "கதையில் விழுந்த அரசன் வஞ்சம் வைத்தான், சூதாடினான், போருக்கும் வந்தான். தரையைக் கொத்தச் சொன்னதாக நான் கேட்டதில்லை. சொல்லியிருந்தால், எந்தச் சருக்கத்தில், எந்தப் பாட்டில் என்று தாங்கள் குறிப்பிட்டுக் கையொப்பமிட்டு, வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். அதுவரை உளி தரையில் படாது."