ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்

விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம்தான் எங்கள் வீட்டில் பாகம் பிரித்தார்கள். திண்டிவனத்தில் ஒடுக்கமான தெரு ஒன்றில் நாட்டு ஓடு வேய்ந்த வீடு. மாமனார் போன பிறகு என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் முகம் சுளிக்காமல் பிரித்துக்கொண்டார்கள். வழக்கப்படி மேற்குப் பாதி மூத்தவருக்கு, கிழக்குப் பாதி இளையவருக்கு. பின்பக்க ரோடு வரைக்கும் போகிற தோட்டம் கிழக்குப் பாதியோடு சேர்ந்தது. எங்கள் பாதிக்குப் பின்னால் வேறொருவர் மனை.

பிரிக்கிற கோடு கூடத்தின் நடுவில் விழுந்தது. அந்த இடத்தில் ஒரு மரத்தூண் நின்றது. கூடத்துக்குக் குறுக்கே போகிற பெரிய உத்திரம் அதன் தலையில்தான் உட்கார்ந்திருந்தது. சுவர் வைக்க வந்த மேஸ்திரி, ஆளுக்கொன்றாக ரெண்டு சுவர் வையுங்கள், நடுவில் ஒரு சாண் இடம் விடுங்கள், நாளைக்கு ஒருத்தர் இடித்தாலும் மற்றவருக்குத் தொந்தரவு இருக்காது என்றார். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் முகம் மாறிவிட்டது. ரெண்டு சுவர் வைத்தால் அடித்துக்கொண்டு பிரிந்தார்கள் என்று தெருவில் பேசுவார்கள். ஒரே சுவர் என்றால் ஒற்றுமையாகப் பிரிந்தார்கள் என்று பேர். அதனால் ஒரே சுவர்தான் எழும்பியது, ஒரு கல் கனத்தில். தூண் யார் பாகம் என்ற பேச்சே வரக்கூடாது என்று தூணையும் எடுத்துவிட்டார்கள். உத்திரம் அந்தப் புதுச் சுவர்மேல் இறங்கி உட்கார்ந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் இப்படியல்லவா பிரியவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி, கொழுந்தன் சம்சாரம். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கடையில் நின்றால் எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் அப்படியில்லை. அவள் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். வைகிறாளா, விசாரிக்கிறாளா என்று புதிதாக வந்தவர்களுக்குப் புரியாது.

ரெண்டு ஆண்களும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். என் மகன் விழுப்புரத்தில் வேலையோடு தங்கிவிட்டான். அவள் மகன் சென்னையில். வீட்டின் ரெண்டு பாதியிலும் ஒவ்வொரு பொம்பளையாக இருந்தோம். அப்படியே கண்ணை மூடிவிடவேண்டும் என்பதுதான் என் எண்ணம். வேறு ஆசை ஒன்றும் கிடையாது.

ஊர் அப்போது மாறிக்கொண்டிருந்தது. பின்பக்க ரோட்டில் வீடுகள் போய்க் கடைகள் வந்தன. அந்த ரோட்டைக் கடைகளுக்கான இடமாக மாற்றிவிட்டார்கள், இனிமேல் அங்கே உயரமாகக் கட்டலாம் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் தெரு மட்டும் பழையபடி குடியிருப்புத் தெரு. ஒரு மாடிக்கு மேல் எழுப்ப முடியாது. கிழக்குப் பாதியோ ஒரு முனையில் எங்கள் தெருவிலும் மறுமுனையில் அந்த ரோட்டிலும் நின்றது. ஒரு பில்டர் அவள் மகனைப் பிடித்தார். மொத்தத்தையும் ரோட்டைச் சேர்ந்த இடமாகக் காட்டி, கீழே வண்டி நிறுத்த இடம், மேலே நாலு மாடி பிளாட் என்று திட்டம் போட்டார். அவர்களுக்கு ஒரு பிளாட் கிடைக்கும்.

ஓரகத்தியே வந்து இதை என்னிடம் சொன்னாள். "அக்கா, எனக்கு முட்டி போயிடுச்சி. தோட்டத்துக்குப் போனா குந்தி எழுந்திருக்க முடியல. பிளாட்டுல எல்லாம் உள்ளயே இருக்குமாம். லிஃப்டு வேற வைக்கிறானாம். சாவறதுக்குள்ள அதுல ஏறிட்டுப் போறனே."

அவள் ஆசையில் தப்பில்லை. அவள் நடக்கிற நடையை நான்தான் தினமும் பார்க்கிறேனே. ஆனால் பில்டரின் இன்ஜினியர் வந்து டேப் வைத்து அளந்தபோது, நடுச்சுவரை ஒட்டியே குழி எடுப்போம், சுவரைத் தொடமாட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் பார்வை உத்திரத்துக்குத்தான் போனது. சுவரைத் தொடாமல் அதன் காலடி மண்ணைத் தோண்டினால் என் கூரை எதன்மேல் நிற்கும்? கேட்கவேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

உயரத்துக்கு அனுமதி தருவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தாருக்கு ஆட்சேபணை உண்டா என்று விழுப்புரத்து நகரமைப்பு ஆபீசில் விசாரிப்பார்களாம். நகராட்சி ஆள் வந்து நாளைச் சொல்லிவிட்டுப் போனார். என் மகன் ஆபீஸ் வாசலில் காத்திருப்பதாகச் சொன்னான். நான் பஸ் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரோ இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரும்பினால் ஓரகத்தி.

வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தை என் மடியில் பிரித்து வைத்தாள். "அங்க வந்து இன்னா சொல்லப்போற?" என்றாள்.

"தெரியல."

"தெரியாமயா பொட்டியில இருந்த பொடவைய எடுத்துக் கட்டிக்கினு வந்த?"

விக்கிரவாண்டி வரைக்கும் ரெண்டு பேரும் அந்தக் கடலையைத்தான் உரித்தோம்.

ஆபீசில் மேஜைக்கு எதிரே எங்களை உட்காரவைத்தார்கள். அதிகாரி நடுவயதுக்காரர், பொறுமையானவர். பில்டரின் ஆட்களும் அவள் மகனும் வரைபடத்தை விரித்துப் பேசினார்கள். வரைபடத்தில் எல்லாப் பக்கமும் இடம் விட்டிருந்தது. எங்கள் தெருவும் அதில் அகலமாகத்தான் இருந்தது. சாக்கடையையும் வீட்டுப் படிகளையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள் என்று என் மகன் சொன்னான். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உங்களுக்கு என்னம்மா சங்கடம் என்று கேட்டார்.

முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். "எங்க வூட்டு உத்திரம் அந்தச் செவுத்துமேலதாங்க நிக்குது. அங்க இருந்த தூண எடுத்துட்டாங்க."

எந்தத் தூண் என்று கேட்டார். வரைபடத்தில் தூண் இல்லை. அது அந்தக் காலத்துக் கதை சார், இப்போது யாருக்குத் தெரியும் என்றான் அவள் மகன். அதிகாரி ஓரகத்தியின் பக்கம் திரும்பி, உங்களுக்குத் தெரியுமா அம்மா என்றார்.

அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருந்திச்சிங்க," என்றாள். "அதுல சாஞ்சி உக்காந்துதான் இவனுக்குப் பால் குடுத்தேன்."

முடிவு வந்தது. மறுமுனை ரோட்டில் இருந்தாலும் தெருப் பக்கம் குடியிருப்புத்தான் என்பதால் நாலில் ஒரு மாடி குறைக்கவேண்டும். நடுச்சுவரிலிருந்து இடம் விட்டுத்தான் குழி எடுக்கவேண்டும். இடிப்பதற்கு முன்னால் என் உத்திரத்துக்கு முட்டு கொடுக்கவேண்டும். நான் கேட்கத் தெரியாமல் நினைத்ததை எல்லாம் அவர் எழுதிவிட்டார். திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டு தாண்டும் வரைக்கும் ஓரகத்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் சொன்னாள்: "ஒரு மாடி கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போவுது. லிஃப்டு உண்டா இல்லியா, அதக் கேட்டியா நீ?"

கட்டி முடிக்கிறவரைக்கும் தங்க அவளுக்கு வேறு இடம் பார்த்தார்கள். அவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். பாய், தலையணை, தைல பாட்டில், அவ்வளவுதான் சாமான். கூடத்தில் சுவரோரம் படுத்துக்கொண்டாள்.

அனுமதி வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் மண்ணைத் தொடமாட்டார்கள். வெயில் காய்ந்த அந்த மாதம் முழுக்கச் சும்மா போனது. ஆவணியில் பூஜை போட்டார்கள். பழைய வீட்டை இடித்து, மரத்தையும் ஓட்டையும் விற்று, ஆள் கிடைத்துக் குழி எடுக்க ஆரம்பித்தபோது ஐப்பசி. பெய்யாத காலத்தில் நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெய்கிற காலத்தில் அஸ்திவாரம் தோண்டினார்கள். அந்த இன்ஜினியரும் படித்தவர்தான். அவரும் ஆடியில் தொடங்கியிருக்கமாட்டார். நானும் தொடங்கியிருக்கமாட்டேன்.

இடிப்பதற்கு முன்னாலேயே முட்டு கொடுக்கச் சவுக்குக் கம்புகள் வந்தன. என் கூடத்தில் உத்திரத்துக்குக் கீழே நிறுத்தி, அடியில் பலகை வைத்து இறுக்கினார்கள். ஒரு ஆள் போட்டோ எடுத்துக்கொண்டார். மறுவாரம் இன்னொரு இடத்தில் சென்ட்ரிங் போடக் கம்பு குறைகிறது, ரெண்டு நாளில் திருப்பித் தருகிறோம் என்று கழற்ற வந்தார்கள். ஓரகத்தி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாண ஜோடியா அதுங்க, நிக்க வெச்சிப் போட்டோ புடிச்சிட்டு அனுப்பறதுக்கு?" என்றாள்.

கூலி ஆட்கள் சிரித்தார்கள். சொன்னதைச் செய்கிறோம் அம்மா, எங்கள் மேல் கோபப்படாதீர்கள் என்றார்கள். அவள் மகனுக்குப் போன் போனது. அவன் அவளோடு என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. அவள் காலை மடக்கி வழி விட்டாள். முகம் மட்டும் கறுத்துக் கிடந்தது. கம்புகள் போயின, திரும்பி வரவில்லை.

விட வேண்டிய இடத்தையும் முழுசாக விடவில்லை. ஜேசிபி சுவருக்குக் கிட்டத்தில் வந்து மண்ணை அள்ளியது. தோட்டத்துப் பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தேன். எங்கள் சுவரின் காலடிச் செங்கல் வெளியே தெரிந்தது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணீர் தேங்கியது. மோட்டார் வைத்து இறைத்தார்கள், மறுபடியும் தேங்கியது. என் மகன் நகராட்சியில் போய்ச் சொன்னான். ஆள் வந்து பார்த்து வேலையை நிறுத்தச் சொன்னார்கள். வேலை நின்றது. தண்ணீர் நிற்கவில்லையே, அது சுவருக்குக் கீழே ஊறிக்கொண்டே இருந்தது. அந்த வாரக் கடைசியில் எங்கள் ரெண்டு பேரையும் விழுப்புரத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தான்.

அதற்கு முன்னால் ஒரு நாள் காலையில், மழை விட்டிருந்த நேரம். நாங்கள் பின்பக்கம் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தோம். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஈர மூட்டையைத் தோளிலிருந்து போட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பின்னால் ஓடுகள் ஒவ்வொன்றாகச் சரிகிற சத்தம். ஈரம் என்பதால் புழுதிகூடக் கிளம்பவில்லை. கூடத்துக்குப் போய்ப் பார்த்தபோது வெளிச்சமாக இருந்தது. நடுச்சுவர் குழிக்குள் போய்விட்டது. உத்திரத்தின் ஒரு முனை தரையில் ஊன்றிக் கிடந்தது. ஓரகத்தி அன்று பாயைச் சுருட்டாமல் எழுந்து வந்திருந்தாள். பாய் தெரியவில்லை. அந்த இடத்தில் செங்கல்லும் ஓடும்தான் குவிந்திருந்தன.

அவள் வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைத் தொட்டாள்.

அந்த இடத்துக்குச் சீல் வைத்தார்கள். பில்டர் ஊரில் இல்லை என்றார்கள். நான் மகனோடு போனேன். ஓரகத்தியைக் கூப்பிட்டும் வரவில்லை. திண்டிவனத்திலேயே ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். கீழே அறை கிடைக்கவில்லையாம். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வருவாள். என் வீடு போனதைப் பற்றி நானும் பேசவில்லை, தன் பிளாட் போனதைப் பற்றி அவளும் பேசவில்லை.

சில வருஷம் கழித்து வேறொரு பில்டர் வந்தார். ரெண்டு பாதியும் சேர்ந்தால் அகலம் போதும், நாலு பக்கமும் இடம் விடலாம், எல்லாம் ரூல்படி வந்துவிடும் என்று என் மகனிடம் சொன்னார். எனக்கும் ஒரு பிளாட் உண்டாம். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ரூலுக்கு இடம் போதாமல் போனதே நான் அங்கே இருந்ததால்தான். இப்போது நான் விலகினால் அந்தக் கட்டடம் நல்ல கட்டடமாகிவிடும். இதை யார்மேல் கோபப்பட்டுச் சொல்வது?

ஓரகத்தி என்னைக் கேட்கவே இல்லை. கடனாகக் கறிவேப்பிலை கேட்பதற்குக்கூடத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிடுகிறவள், இதை மட்டும் வாய் திறந்து கேட்கவில்லை. அவள் மகன் கேட்கச் சொல்லியிருப்பான். அவள் கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. கொடுத்துவிடலாம் என்று மகனிடம் நானே சொன்னேன்.

கையெழுத்துக்கு முன்னால் இடத்தைப் பார்க்க எல்லாரும் போனோம். மிச்சமிருந்த என் பாதியில் செடி முளைத்திருந்தது. மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அவர்கள் வீட்டுச் சார்ப்புக் கூரை எங்கள் சுவரில் சாய்ந்துதான் இறங்கியிருந்தது. எத்தனையோ காலமாக அப்படித்தான் இருந்தது, அதைப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. நான் அதைக் காட்டி ஏதோ சொன்னேன். புது பில்டர் குனிந்து, என்னம்மா என்றார். திரும்பச் சொன்னேன். அப்போதும் அவருக்குக் கேட்கவில்லை.

"அவங்க வூட்டுக்கு மொதல்ல முட்டுக் குடுக்கச் சொல்றாங்க," என்றாள் ஓரகத்தி. "அது நின்னாதான் கையெழுத்தாம்."

செய்துவிடலாம் என்று பில்டர் தலையாட்டினார். நான் பேனாவை வாங்கவில்லை. மகன் என்னைப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆள் அனுப்பிக் கம்பு வரவழைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், இதை யார் கேட்டார்கள், சார்ப்புக்குக் கீழே நிற்கிற என் வண்டியை இனி எங்கே விடுவது என்று சத்தம் போட்டார். எதிர்வீட்டுப் படியில் ஓரகத்தியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பாக அடியில் பலகை வைத்து இறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.