கார்த்திக்குப் பள்ளிக்கூடம் தேடிய மாதங்கள்

பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுவது சம்பளமில்லாத உத்தியோகம், லீவும் கிடையாது. அதிலும் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால், பள்ளியின் கதவு திறப்பதற்கு முன்பே அம்மா பதில்களை ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிடுவாள். கோயமுத்தூரில் என்னைப் போல் அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தக்காளிப் படம்

முதலில் போனது பெரிய பள்ளி. சேர்ப்பதற்கு முன் பிள்ளையைப் பேச வைத்துப் பார்ப்பார்கள் என்றார்கள். மூன்று வாரம் கார்த்தியைப் பழக்கினேன். பேர், வயசு, தக்காளியின் நிறம். தினமும் அதே வரிசையில். ஆட்டிசம் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை. டாக்டர் சீட்டு கைப்பைக்குள் மடிந்து கிடந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் தக்காளிப் படத்தை முதலில் எடுத்துவிட்டார்.

"இது என்ன கலர் கண்ணு?"

"கார்த்தி."

"உம் பேரு?"

"மூணரை."

"வயசு?"

"சிவப்பு."

மூன்று பதிலும் சரிதான் என்று நான் சொல்வதற்குள் அவர் விண்ணப்பத்தை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "தங்கமான பையனுங்க. இன்னும் கொஞ்சம் பெருசாகட்டுங்க."

மில் சங்கு

அடுத்தது பீளமேட்டில், ஒரு மில்லுக்குப் பின்புறம். இந்த முறை சீட்டைக் காட்டினேன். டீச்சர் படித்துவிட்டு "சேத்திக்கலாங்க" என்றதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் ஷிப்டு சங்கு ஊதியது. கார்த்தி காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்து அலறினான். மற்ற பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சிலேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவன் அலறலைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டீச்சர் மேஜை மேலிருந்த மர ஸ்கேலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "பயப்படாதீங்க அம்மணி, இவுங்களும் மொதல்ல இப்படித்தான் கத்துனாங்க."

துணை

மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பள்ளியையும் போய்ப் பார்த்தேன். எல்லாரும் பத்து வயதுக்கு மேல். பேச்சு வருமா என்று கேட்டேன். பொறுப்பாளர் மறைக்காமல் சொன்னார். "பத்திரமா இருப்பானுங்க. பேசிப் பழக இங்க அவனுக்குத் தொணையில்லீங்க."

படிக்கட்டுக்கு அடியில்

கடைசியாக, சாயிபாபா காலனியில் ஒரு வீட்டின் கீழ்த்தளம். பதினொரு பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு ஆயா. டீச்சர் பேரும் கேட்கவில்லை, கலரும் கேட்கவில்லை. "பயந்தா என்ன பண்ணுவானுங்க?" என்றார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. இடுக்கு தேடிப் புகுந்துகொள்வான் என்றேன். உடனே எழுந்து போய், மாடிப்படிக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த பாய்களை வேறிடத்துக்கு மாற்றினார். அன்றே சேர்த்துவிட்டேன்.

மறுநாள் அவனை விட்டுவிட்டு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றேன். உள்ளே எந்தக் குழந்தை அழுதாலும் அவன் குரலாகவே கேட்டது. ஏற வேண்டிய பஸ்கள் நான்கைந்து போய்விட்டன. ஒரு மணி நேரம் கழித்து ஆயா என்னை நோக்கி ரோட்டைக் கடந்து வந்தார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அழுவலீங்க அம்மணி. உங்களத் தேடவுமில்லீங்க. ஊட்டுக்குப் போயி நிம்மதியா இருங்க."

அவனுக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. எனக்கு அந்த பஸ் ஸ்டாப்பில், தினமும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை.