மறைக்கிற கிளை

மரங்களை வெட்டச் சொன்னவள் நான்தான். ஊரில் யாரும் இப்போது அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. அதனாலேயே நானே சொல்லிவிடுகிறேன்.

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகும் வழியில் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் ஏரி. ஐப்பசி மழையில் அது நிரம்பினால், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டும். எங்களுக்கு அவை எல்லாமே கொக்கு. நாரை என்று திருத்தியவர்கள் கேமராவோடு வந்தவர்கள். மலையில் முருகனைக் கும்பிட்டு இறங்குகிறவர்களையும் என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, ஆட்டோவில் அழைத்து வருவார். நான் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆக்கிப் போடுவேன். மூன்று பருவம் இப்படி ஓடியது. கூலிக்கு நாற்று நட்டுக் குனிந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

“படமே எடுக்க முடியல, கிளை மறைக்குதுங்க” என்று ஒருவர் ஒருநாள் சலித்துக்கொண்டார். என் வீட்டில் சாப்பிட்டவர் முகம் சுளித்தால் எனக்குத் தாங்காது. கோடையில் ஏரி வற்றியதும் ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசினேன். முள்ளும் புதருமாகக் கிடந்தால் யார் வருவார்கள், சுத்தம் செய்வோம் என்றேன்.

“மரத்த வெட்டிட்டா கொக்கு எங்கம்மா உக்காரும்?” என்று பாவா கேட்டார்.

“இம்மாம் பெரிய ஏரி கீது, உக்கார எடமா இல்ல பாவா?” என்றேன். கூட்டம் சிரித்தது.

அனுமதி வாங்கி எல்லாவற்றையும் சாய்த்தார்கள். என் பின்வாசலுக்கு நேரே நின்ற ஒரு மரம் மட்டும் தப்பியது. அதில் குளவிக்கூடு இருந்ததால் வெட்ட வந்தவர்கள் கிட்டே போகவில்லை. என் பார்வையை மறைத்த மரமே மிஞ்சிவிட்டதே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

கார்த்திகையில் ஏரி தளும்பியது. நாரைகள் வந்து இரண்டு நாள் வட்டமடித்தன. மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை. வந்தவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு ஆட்டோவிலிருந்து இறங்காமலே திரும்பினார்கள். ஆக்கிய சோற்றைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். பாவா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் மலையடிவாரத்தில் சவாரிக்குக் காத்துக் கிடந்தார், நான் திரும்பவும் நாற்று நடப் போனேன். கூலி வேலை எனக்கு வெட்கமில்லை. அவர் பிழைப்பையும் சேர்த்துக் கெடுத்தேனே, அதுதான் வெட்கம்.

அடுத்த கோடையில் ஏரிக்குள் மண்மேடு போட்டுக் கருவேலங்கன்றுகள் வைத்தோம். ஆடு கடிக்காமல் முள் கட்டியது பாவாவும் நானும். அவை இன்னும் என் இடுப்பு உயரம்தான். கூடு தாங்க எத்தனை வருஷம் ஆகுமோ.

குளவிகள் எப்போதோ போய்விட்டன. இந்தப் பருவத்தில் அந்த ஒற்றை மரத்தில் இரண்டு நாரைக்கூடுகள். சேதி கேட்ட பாவா நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வந்தார். அவர்களைப் பின்வாசலிலேயே உட்காரவைத்தேன். ஒருவர் கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“அக்கா, அந்த முன்கிளைய மட்டும் கழிச்சுட்டா குஞ்சு நல்லா தெரியும்.”

பாவா என்னைப் பார்த்தார்.

“தெரியாட்டி போவுதுங்க” என்றேன். “சோறு ஆறிக்கினு கீது, சாப்பிட வாங்க.”