சடக்கில் வைத்த தார்ப் பீப்பாய்கள்

மலாய் நாட்டில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்தபோது, எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளை, காட்டோரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து, சிம்பாங் அம்பாட்டுக்குப் போகும் பெரிய தார்ச் சாலையான சடக்கின் ஓரத்தில் வைத்தார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அத்தனை ஏற்பாடு. வேலிக்கு ஒரே கதவு. பழைய ஒற்றையடிப் பாதை சடக்கில் வந்து சேர்ந்த இடத்திலேயே அதை வைத்துவிட்டார்கள். அந்த இடம் ஒரு வளைவு. ரப்பர் பால் மரங்களும், நான் ஆசிரியையாக இருந்த தமிழ்ப்பள்ளியும் சடக்குக்கு அந்தப் பக்கம் இருந்தன.

காலையில் ஊரடங்கு முடிந்ததும் கதவு திறக்கும். சோற்றுப் பொட்டலம் எதையாவது ஒளித்து எடுத்துப் போகிறோமா என்று ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அதற்குள் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்கு நிற்க நேரமாகிவிடும். வெளியே வந்தவர்கள் ஓட்டமும் நடையுமாகச் சடக்கைக் கடப்பார்கள். ஊரடங்கால் டவுனில் கிடந்த லாரிகளும் அதே நேரத்தில்தான் கிளம்பும். பட்டாளத்து வண்டிகள் அவற்றை முந்திக்கொண்டு பறக்கும். எல்லாம் அந்த வளைவில்தான் எங்களைச் சந்திக்கும்.

நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா பால் வெட்டுகிறவள். ஒரு காலை, தோளில் காண்டாக் கம்பும் அதன் இரு நுனியிலும் தொங்கும் வாளிகளுமாக அவள் கடந்துகொண்டிருந்தபோது, வளைவில் திரும்பிய மரலாரி ஒன்று கம்பின் நுனியில் தட்டியது. அக்கா சுழன்று போய் கால்வாயில் விழுந்தாள். நான் பள்ளிப் பிள்ளைகளோடு கதவுக்கு உள்ளே நின்றிருந்தேன். பிள்ளைகளிடம் அங்கே பார்க்காதீர்கள் என்று கத்தினேனே தவிர, என்னால்தான் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

லாரிக்காரச் சீனர் ஓடிப்போகவில்லை. அக்காவைத் தூக்கி, தன் லாரியிலேயே மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தொடை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்த அக்கா, என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “பிள்ளைங்களை யாரு சடக்கு தாண்டி விடுறது?” என்றுதான்.

அடுத்த நாள் நான் டவுனுக்குப் போனேன். அங்கே மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவரை எல்லாரும் நானா என்றே கூப்பிடுவோம். அப்போதுதான் டவுன் போர்டுக்கு முதல் தடவையாகத் தேர்தல் வைத்து, அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தோம். நடந்ததைச் சொன்னேன்.

“ஓட்டு கேட்டு வந்தப்போ லைட்டு, கால்வாய் எல்லாம் கேட்டீங்க டீச்சர். சடக்கப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலியே?”

“அப்போ அக்கா நல்லா நடந்துகிட்டு இருந்தாங்க நானா.”

அவர் தராசைக் கீழே வைத்தார். “சரிமா. இந்த வேலைக்குத்தானே என்னை அனுப்பினீங்க. கேட்டுப் பாக்குறேன்” என்றார்.

கேட்டுப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் வந்தார். சடக்கு எங்களுடையதல்ல, மராமத்து இலாகாவுடையது என்று போர்டில் சொன்னார்களாம். கதவு போலீசுடையது என்றார்களாம் மராமத்தில். வண்டிகள் பட்டாளத்துடையவை என்றதாம் போலீஸ். “காலு மட்டும்தான் உங்க அக்காவோடது போல” என்றார் நானா. ஆனாலும் அவர் விடவில்லை. ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கி, எல்லாரையும் ஒரு காலையில் அந்த வளைவுக்கே வரவழைத்துவிட்டார்.

கதவு திறந்தது. கூட்டம் ஓடியது. வளைவில் ஹார்ன் அலறியது. போர்டுத் தலைவராக இருந்த மலாய் அதிகாரி தன்னையறியாமல் பின்னால் நகர்ந்து புல்லில் ஏறிக்கொண்டார். லாரிகள் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பட்டாளத்து வெள்ளைக்கார அதிகாரிதான் தலையை ஆட்டினார். வெயிலில் சிவந்த முகம், என்னைவிட இளையவராகக்கூட இருக்கலாம். வண்டி மெதுவாகப் போகும் வளைவில்தான் காட்டிலிருந்து சுடுகிறார்கள், அப்படித்தான் என் ஆட்களைப் பறிகொடுத்தேன் என்றாராம்; நானா எனக்குத் தமிழில் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் என்னைப் போல ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்தான் என்று தோன்றியது.

வேலியின் டவுன் பக்கத்து மூலையில், சடக்கு நேராகப் போகிற இடத்தில், போலீஸ் காவல் கொட்டகை இருந்தது. நான் தமிழில் நானாவிடம் சொன்னேன்: “கதவை அங்க மாத்திரலாமே. போலீஸ் மாத்தாக்காரங்க துப்பாக்கியோட நிக்கிற இடத்துல வண்டி மெதுவா போனா என்ன பயம்?”

நானா அதை மலாயில் சொன்னார். மலாய் அதிகாரி ஆங்கிலத்தில் சொன்னார். என் வாக்கியம் மூன்று பாஷை தாண்டிப் போய்ச் சேரும்வரை நான் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன். பட்டாளத்து அதிகாரி காவல் கொட்டகை வரை நடந்தார். அதன் கண்காணிப்பு மேடையில் ஏறி இரண்டு பக்கமும் பார்த்தார். இறங்கி வந்து, செய்து பார்க்கலாம் என்றார்.

வண்டியை எப்படி மெதுவாகப் போக வைப்பது என்பதற்கு வழி சொன்னவர் மராமத்து ஓவர்சியர். காலித் தார்ப் பீப்பாய்களில் மண் நிரப்பி, சுண்ணாம்பு அடித்து, காவல் கொட்டகைக்கு எதிரே சடக்கில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வைத்தார்கள். எந்த லாரியானாலும் நெளிந்து நெளிந்துதான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆண்கள் வேலியைப் பிரித்துப் புதுக் கதவுக்குக் குழி தோண்டினார்கள். சோதனை மேசையையும் உள்ளே தள்ளிப் போட்டார்கள். அதன்பின் யாரும் சடக்கோரத்தில் வரிசை நிற்க வேண்டியிருக்கவில்லை.

முதல் வாரமே ஒரு லாரி பீப்பாயை இடித்து உருட்டிவிட்டது. “போச்சுலா, இனிமே எல்லாத்தையும் எடுத்துருவாங்க” என்றார் அக்கா வீட்டுக்காரர். நானா ஆள் கூட்டி வந்து அதைத் தூக்கி நிறுத்தி, மறுபடி சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். “பீப்பாய்தானே அடிபட்டுச்சு? மனுசன் இல்லியே. அதுக்குத்தான வச்சோம்” என்றார்.

அக்கா கைத்தடியோடு வீடு திரும்பினாள். பால் வெட்டப் போக முடியாது; தோட்டத்து ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அதுவும் சடக்குக்கு அந்தப் பக்கம். முதல் நாள் நான் கையைப் பிடிக்கப் போனேன். “விடு, நானே போறேன்” என்றாள். பீப்பாய்களுக்கு இடையில் ஒரு பட்டாளத்து லாரி ஊர்ந்து வந்து நின்றது. ஓட்டியவன் கையை அசைத்துப் போகச் சொன்னான். அக்கா அவசரப்படாமல், தடியை ஊன்றி ஊன்றிக் கடந்தாள்.

போர்டுக் கூட்டத்துக்குப் பொதுமக்களும் வரலாம் என்று நானா சொல்லியிருந்தார். அதுவரை யாரும் போனதில்லை. அடுத்த கூட்டத்துக்கு அக்கா லயத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பினாள். டவுன் பஸ் நிற்கும் இடத்தில் கூரை வேண்டும், மழையில் பிள்ளைகள் சடக்கிலேயே நிற்கிறார்கள் என்று கேட்பதற்காக. எங்களைப் பார்த்ததும் போர்டுத் தலைவர் வரவேற்க எழுந்துவிட்டார். நாற்காலிகள் போதவில்லை. நானா தன் கடைப் பெஞ்சைத் தூக்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.