மாமா அப்பாவாக வந்த சனிக்கிழமை

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனது நான், அம்மா, மாமா என்று மூன்று பேர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர்: தாளாளர், செயலாளர், தலைமை ஆசிரியை, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். வராதவர் ஒருவர்தான், என் அப்பா. உண்மையில் வர வேண்டியவரும் அவர்தான்.

ஐயம்பேட்டையில் ஐந்தாம் வகுப்பை முடித்த எனக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. கிடைத்திருந்தது என்பதைவிட, கிடைக்கிற மாதிரி இருந்தது என்று சொல்வதே சரி. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஆறாம் வகுப்பில் சேருகிற பிள்ளைகள் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை அப்பா அம்மாவோடு போய்ப் பள்ளியின் பெரியவர்கள் முன்னால் நிற்க வேண்டும். அவர்கள் யார் எவர் என்று நாம் தெரிந்துகொள்வோம், நாம் யார் எவர் என்று அவர்களும் தெரிந்துகொள்வார்கள். அதற்குப் பிறகுதான் பெயர் பதிவேட்டில் ஏறும். அறிமுக நாள் என்று அதற்குப் பெயர்.

பெயர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த தெரு அக்கா ஒருவர் தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில் அம்மாவிடம் வேறு மாதிரி சொல்லிவிட்டுப் போனார். போன வருடம் யாரோ ஒரு அப்பாவைப் பள்ளி விதிமுறைகளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்களாம். அவர் தெரியாது என்று சொல்லிக் கைநாட்டு வைக்கப் போனாராம். "அப்பிடியே புள்ளைய இட்டுக்கினு போய்யான்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம்மா."

அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது பாவு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாகச் சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான இழைகளை முறுக்கி முறுக்கி, அவருடைய வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். இப்போதும் ரேஷன் கடையின் கைரேகை மெஷின் அந்த விரலை ஏற்றுக்கொள்வதே இல்லை. அம்மாதான் போவாள்.

யோசனையை முதலில் சொன்னது அப்பாதான். "மச்சானை இட்டுக்கினு போ. என் பேரைச் சொல்லிக்கட்டும்."

மச்சான் என்றது அம்மாவின் தம்பியை. எங்கள் வீட்டிலேயே அதிகம் படித்தவர் மாமா. எட்டாம் வகுப்பு, அதிலும் முழுப்பரீட்சை எழுதவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை. சட்டையை இன் பண்ணுவார், சுண்டுவிரலில் நகம் வளர்த்திருப்பார், வாடிக்கையாளர்களிடம் "நோ பிராப்ளம் சார்" என்பார். இந்த வேடத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்று அவருக்கே எண்ணம்.

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. நான் மாமாவை அப்பா என்று கூப்பிட வேண்டும்.

"டேய் மகனே, அப்பாவுக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

"நீயே போய் மொண்டு குடி மாமா."

"பாத்தியாக்கா? இப்பவே பெத்தவன எதுத்துப் பேசுறான். நாளைக்கு எனக்கு எங்க கஞ்சி ஊத்தப் போறான்?"

அம்மா சிரித்தாள். மூலையில் உட்கார்ந்து விரலைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா வரவில்லை என்பதில் உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. பெரியவர்களைப் பார்த்தால் அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்பார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒருவருடைய மகனாக நிற்க எனக்குப் பயமாக இருந்தது. பதினோரு வயதில் அதைப் பயம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியற்காலையிலேயே அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டவுனில் ஒரு வீட்டில் பாவு பிணைக்க வேண்டும் என்றார். கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்பா பேர் கேட்டா இன்னா சொல்லுவ?"

"உன் பேர்தாம்பா."

"அத்த மட்டும் மாத்தாம சொல்லு."

நாங்கள் மூவரும் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம். பள்ளி வராந்தாவில் பெரியவர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். கீழே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து மனப்பாடம் செய்துகொண்டேன். யாருக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், யாரை ஐயா என்பது, யாரை சார் என்பது என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தாளாளரின் படத்துக்குக் கீழே மட்டும் மூன்று வரிப் பட்டங்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் வரிசை கூடத்துக்குள் நகர்ந்துவிட்டது.

நீளமான மேசை. நடுவில் தாளாளர், காதில் மெஷின், நெற்றி நிறைய விபூதி. யார் என்ன சொன்னாலும் "ரொம்ப சந்தோஷம்" என்றார். அவருக்குப் பக்கத்தில் செயலாளர், இரண்டு செல்போன்களை மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டதெல்லாம் தலைமை ஆசிரியை. பிள்ளைகளின் நகத்தைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவர் ஒரு முறை பார்த்தால் போதும், பெற்றவர்களே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். நான்காவது நாற்காலியில் பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகக் கழகத் தலைவர். அவர் படம் வராந்தாவில் மிகவும் இளமையாக இருந்ததால் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"டேய் தம்பி," என்றாள் மாமாவிடம், உதடு அசையாமல். "கடைசியில உக்காந்துக்கினு இருக்காரே, அவரு தறிக்குத்தான்டா இவங்கப்பா பாவு பிணைக்கப் போறாரு. பத்து வருசமாப் போறாரு."

மாமாவின் முகத்தில் இருந்த அப்பா கொஞ்சம் கலைந்தார். "உன்னைத் தெரியுமா அவருக்கு?"

"என்னை எங்க பாத்திருக்காரு. நான்தான் திருவிழாவுல பாத்திருக்கேன். அவருக்கு இவங்கப்பாவத்தான் தெரியும்."

"போலாமாம்மா, வீட்டுக்கு," என்றேன் நான்.

"கம்முனு இரு."

எங்களுக்கு முன்னால் ஆறு குடும்பங்கள் இருந்தன. பிறகு நான்கு. அந்த நேரத்தில் நான் ஏகாம்பரநாதரிடமிருந்து ஆரம்பித்து, தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேன். கரண்ட் போக வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். கரண்ட் போயிருந்தாலும் பகல் வெளிச்சத்தில் ஒன்றும் ஆகியிருக்காது என்பது அப்போது தோன்றவில்லை.

எங்கள் முறை வந்தது. மாமா நன்றாகத்தான் ஆரம்பித்தார். மூன்று வணக்கம் சரியாக வைத்தார். நான்காவது வணக்கத்தை மட்டும் தரையைப் பார்த்து வைத்தார்.

"அப்பா என்ன வேலை?" என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

"பட்டுத் தொழில் மேடம்."

கழகத் தலைவர் நிமிர்ந்தார். "பட்டுல இன்னா வேலைப்பா?"

"பாவு... பாவு பிணைக்கிறது சார்."

"அப்பிடியா? நம்ம தொழிலாச்சே. எங்க, கையைக் காட்டு."

மாமா வலது கையை நீட்டினார். வளர்த்த சுண்டுவிரல் நகம், ஒரு கல் மோதிரம், பூப்போன்ற விரல்கள். செல்போன்களுக்குக் கண்ணாடி ஒட்டுகிற கை அது. தலைவர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரலைத் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அவ்வளவு நேரம் யாரும் யார் கையையும் பார்த்து நான் கண்டதில்லை.

"நல்ல கை," என்றார். "ஒரு பாவுக்கு எவ்ளோ இழை வரும்பா?"

"அது... சேலைக்குச் சேலை மாறும் சார்," என்றார் மாமா.

"நாலாயிரத்துக்கு மேல வருங்க ஐயா," என்றேன் நான். "கரைக்குத் தனியா வரும்."

என்னை அறியாமல் வந்துவிட்டது. அப்பாவோடு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்த் தறிகளுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். தலைமை ஆசிரியை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அப்புறம் மாமாவைப் பார்த்தார். மறுபடி என்னை.

"தம்பி, இங்க வா. இவர் யாரு உனக்கு?"

ஒரு வாரம் ஒத்திகை பார்த்த சொல். வீட்டில் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தேன். மாமாவின் முகம் தெரிந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்கு வேறு ஒருவர் அல்லவா திரும்பிப் பார்ப்பார். சாம்பல் விரலோடு எங்கேயோ ஒரு தறிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறவர். எனக்குச் சொல் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"ரொம்ப சந்தோஷம்," என்றார் தாளாளர்.

அம்மா என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். அந்த நொடியில் என் படிப்பு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அடுத்த ஆண்டுகளில் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று ஒரு கணக்குகூட மனதில் ஓடியது.

கழகத் தலைவர் சிரித்தார். "பயந்துட்டான் மேடம் பையன். எனக்குத் தெரிஞ்ச குடும்பந்தான். நீங்க எழுதிக்குங்க."

தலைமை ஆசிரியை ஒரு நொடி தயங்கினார். பிறகு எழுதினார். அப்பாவின் பெயரைத்தான் எழுதினார். விதிமுறைத் தாளை மாமா முன்னால் தள்ளி, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். படிக்கச் சொல்லவே இல்லை.

எங்களுக்குப் பின்னால் நின்றவர் தென்னேரிப் பக்கத்து ஆள். முழங்கால் வரை மடித்த வேட்டி. "எனக்குக் கைநாட்டுதான்மா," என்று கூச்சப்படாமல் சொன்னார். தலைமை ஆசிரியை மைப்பெட்டியைத் திறந்து அவர் விரலைப் பிடித்துத் தாளில் பதித்தார். துடைத்துக்கொள்ளத் துணியும் கொடுத்தார். "ரொம்ப சந்தோஷம்," என்றார் தாளாளர். அவரோடு வந்த பையன்தான் பிறகு ஏழு வருடமும் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாமா இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

வெளியே வந்ததும் மாமாவுக்குப் பழைய தைரியம் திரும்பிவிட்டது. எங்களுக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். "எப்பிடி சமாளிச்சேன் பாத்தியாக்கா?" என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா வந்தார். கை கால் கழுவாமலே வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "யார் யாரு இருந்தாங்க?"

நான் ஒவ்வொருவரையும் விவரித்தேன். தாளாளரைப் போல "ரொம்ப சந்தோஷம்" சொல்லிக் காட்டினேன். அவர் சிரித்தார். நான்காவது ஆளைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அவரு இன்னா கேட்டாரு?"

"மாமா கையைக் காட்டச் சொன்னாரு."

அப்பா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "வேற ஒண்ணும் கேக்கலியே?"

"எழுதிக்குங்கன்னு சொல்லிட்டாரு."

"சரி. படிக்கச் சொன்னாங்களா மச்சானை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஒரு பக்கம் முழுக்கப் படிக்கச் சொன்னாங்க. திக்கித் திணறிப் படிச்சான்." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்ல வேள, நான் வரல," என்று அப்பா நிம்மதியாகக் கை கழுவப் போனார்.

அம்மா ஏன் பொய் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. பொய் சொன்னால் அடிக்கிறவள் அவள். அப்பா அந்த நான்காவது ஆளைப் பற்றி மட்டும் ஏன் துருவிக் கேட்டார் என்பதும் புரியவில்லை. இடம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டையும் மறந்துவிட்டேன்.

இந்த வருடம் அதே பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அறிமுக நாளில் பழைய மாணவர் ஒருவரையும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைக்கிறார்களாம், இம்முறை நான். அப்பாவையும் வரச் சொன்னேன். அவர் விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "கழகத் தலைவர் இருப்பாரா?" என்று கேட்டார். அவர் பதவியை விட்டுப் பல வருடம் ஆகிறது என்றேன். அப்புறம்தான் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய நாள் அப்பா தலைவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். "என் மச்சான் என் பேரைச் சொல்லிக்கினு வருவான், காட்டிக் குடுத்துடாதீங்க" என்று கேட்டிருக்கிறார்.

"அப்போ, தெரிஞ்சேவா கையைக் காட்டச் சொன்னாரு?"

"வெளாட்டுக்குப்பா. பெரிய மனுசங்க."

"பதிலுக்கு இன்னா கேட்டாரு?"

"அவரா ஒண்ணும் கேக்கல. மூணு பாவு சும்மா பிணைச்சுக் குடுக்கிறேன்னு நானாதான் சொன்னேன்." எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார். "வேணாம்னு அவரும் சொல்லல."

நாங்கள் அந்த மேசைக்கு முன்னால் நின்ற நேரத்தில் அப்பா பிணைத்துக்கொண்டிருந்தது அதில் முதல் பாவு. கைநாட்டு வைத்த தென்னேரிக்காரரைப் பற்றி அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அதே பார்வை. பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்போது பாவுக்குக் கூலி நானூறு. மூன்று பாவு, ஆயிரத்து இருநூறு ரூபாய்.