அல் கஸ்னாவில் நாற்பது டோனம்: எழுதாமல் விட்ட ஒரு வரி

வளைகுடாவில் நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடலாமா, முதலில் எவ்வளவு கையில் வேண்டும் என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருந்தார்கள். நான் விவசாயி இல்லை. நாகர்கோவிலில் இருந்துகொண்டு பத்திரிகைக்கு விவசாயச் செய்தி எழுதியவன். ஆனால் 2007 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அபுதாபிக்கு உள்ளே பாலைவனத்தில் அப்படி ஒரு தோட்டத்தைப் பார்க்கப் போனேன். கேட்டவர்களுக்குப் பதிலாக அந்தப் பயணத்தையே எழுதிவிடுகிறேன்.

அப்போது பர் துபாயில் தங்கை மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். அபுதாபியை ஒட்டிய தொழிற்பேட்டை முசஃபாவிலிருந்து ஜெரால்டு போன் செய்தார். குளச்சல்காரர், அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அவருடைய அண்ணன் எங்கள் பத்திரிகையில் படம் எடுத்தவர். அந்த வழியில் பழக்கம்.

"அண்ணாச்சி, நாப்பது டோனம் தோட்டம் ஒண்ணு வருது. வெள்ளிக்கிழமை பாத்துட்டு அட்வான்ஸ் குடுக்கணும். நீங்க ஆயிரம் தோட்டம் பாத்த ஆளு. ஒரு நட வந்து பாத்துச் சொல்லுங்க."

டோனம் என்பது ஆயிரம் சதுர மீட்டர். நான்கு டோனம் ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஆக, பத்து ஏக்கர். ஜெரால்டும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் பதினொரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது தொண்ணூற்று ஐயாயிரம் திர்ஹம். அன்றைய மாற்று விலையில் பத்து லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். ஸ்டெல்லா அபுதாபியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மகள் ஊரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பணத்துக்குப் பின்னால் வேறு பணம் இல்லை.

பர் துபாய் அல் குபைபா நிலையத்திலிருந்து அபுதாபிக்குப் பேருந்து. கட்டணம் பதினைந்து திர்ஹம், தூரம் நூற்றைம்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடுமுறைக்கு நண்பன் அறைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் அந்த வண்டியில்தான் இருப்பார்கள். நான் மூன்றாவது பேருந்தில்தான் ஏறினேன்.

அங்கே ஞாயிறு வேலை நாள் என்பதால் ஞாயிற்றுப் பூசை வெள்ளியில் நடக்கும். ஜெரால்டும் ஸ்டெல்லாவும் தேவாலயத்திலிருந்து நேராக வந்து என்னை ஏற்றிக்கொண்டார்கள். பட்டறையின் பிக்கப் வண்டி, பின்னால் ஒரு வரிசை இருக்கை உண்டு. ஸ்டெல்லா பின்னால், மடியில் சாப்பாட்டுத் தூக்குவாளியும் கைப்பையும். கைப்பைக்குள் அட்வான்ஸ் பத்தாயிரம் இருந்தது. அதை அவர் ஒரு முறையும் மடியைவிட்டு இறக்கவில்லை.

முசஃபாவிலிருந்து அல் ஐன் சாலையில் அல் கஸ்னா எழுபத்தைந்து கிலோமீட்டர். போக வர நாற்பது திர்ஹம் பெட்ரோல் போதும். இரு பக்கமும் அரசு நட்ட மரங்கள் வேலி மாதிரி வருவதால், சாலையில் போகிறவருக்குப் பாலைவனம் தெரியாது. மரங்களுக்கு அடியில் கறுப்புக் குழாய்கள் மட்டும் தெரியும்.

வழியில் ஜெரால்டு கணக்கை மனப்பாடமாகச் சொன்னார். குத்தகை வருடத்துக்கு இருபத்தைந்தாயிரம். சொட்டுநீர்க் குழாய் பதினான்காயிரம். விதை, ஆட்டு எரு ஆறாயிரத்து ஐந்நூறு. காற்றுக்குத் தடுப்பு வலையும் வேலியும் எட்டாயிரம். மோட்டார் பழுது மூவாயிரம். மூன்று ஆள், மாதம் எண்ணூறு, நான்கு மாதம்: ஒன்பதாயிரத்து அறுநூறு. பழைய பிக்கப் ஒன்று பன்னிரண்டாயிரம். கைச்செலவு ஐயாயிரம். மொத்தம் எண்பத்து மூவாயிரத்து நூறு.

"மிச்சம் பதினோராயிரத்துத் தொள்ளாயிரம் பேங்குல கெடக்கும்" என்றார். "வெண்டையும் கத்திரியும் போடுகேன். இங்க ஒவ்வொரு லேபர் கேம்ப்லயும் நம்ம ஆளுதான். எல்லாம் ஏரோப்ளேன்ல வந்த வாடல் காய திங்கான். காலைல பறிச்ச வெண்டைய மத்தியானம் முசஃபாவுல குடுத்தா விட்டுருவானா?"

"அவரு இந்த ஒரு மாசமா வெண்டைக்கா தவிர வேற ஒண்ணும் பேசல சார்" என்றார் ஸ்டெல்லா. "தூக்கத்துலயும் கிலோ என்ன வெலைன்னு கேக்குதாரு."

"நீ என்ன வெலை சொன்ன?"

"நா ட்யூட்டிக்குப் போணும், சும்மா கெடங்கன்னேன்."

கணக்கு எனக்கும் நன்றாகவே பட்டது. ஊரில் நான் அச்சிட்ட எத்தனையோ சாகுபடிச் செலவுகளைப் போலவே இருந்தது: அதே வரிசை, அதே தலைப்புகள். ஒவ்வொரு விலையையும் கடையில் நேரில் கேட்டுத்தான் எழுதியிருந்தார்.

அல் கஸ்னாவில் பெரிய சாலையைவிட்டு இறங்கி மண் பாதையில் ஆறு கிலோமீட்டர். வழியைக் கேட்காமல் போகவே முடியாது. எல்லாத் தோட்டமும் ஒரே மாதிரி சுவரும் ஒரே மாதிரி இரும்புக் கதவும் வைத்திருக்கும். நாங்கள் போனபோது ஜும்மா முடிந்து ஹமீது பாய் அப்போதுதான் பள்ளிவாசலிலிருந்து திரும்பியிருந்தார். தொண்டிக்காரர். நிலம் அந்த நாட்டுக்காரருடையது. அவரை அர்பாப் என்பார்கள். ஹமீது பாய் ஆறு வருடமாக அதைக் குத்தகைக்கு எடுத்துக் கால்நடைத் தீவனப்புல் போட்டு வந்தார். முதுகுவலி தாங்காமல் ஊருக்குப் போக முடிவெடுத்து, குத்தகையைக் கைமாற்றிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. தங்கச்சி, வெயில்ல நிக்காதிய, உள்ள வாங்க. மொதல்ல சாப்பாடு. தோட்டம் எங்கயும் ஓடிப் போயிராது."

"பாய், மொதல்ல தோட்டம்" என்றார் ஜெரால்டு. அவரால் உட்கார முடியவில்லை.

தோட்டம் அழகாகத்தான் இருந்தது. மணலுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல், ஒரே சீராக. ஓரத்தில் பேரீச்சை இரண்டு வரிசை. ஜெரால்டு குனிந்து மண்ணைக் கையில் அள்ளி, எங்கே வெண்டை, எங்கே கத்திரி, லாரி எந்தப் பக்கம் நிற்கும் என்று காற்றில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டே நடந்தார். ஸ்டெல்லா பின்னால் மெதுவாக வந்தார். வேலையாட்கள் தங்கும் அறைக்கு வெளியே ஒரு நீலத் தொட்டி இருந்தது. அதைத் தட்டிப் பார்த்தார்.

"பாய், இது என்ன தண்ணி?"

"அது குடிக்கத் தங்கச்சி. பத்து நாளைக்கு ஒருக்கா டேங்கர்ல வரும்."

"கெணத்துத் தண்ணி குடிக்க ஆகாதா?"

"மாஃபி. வாயில வைக்க முடியாது. உப்பு."

ஸ்டெல்லா புல்லையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டார். "இஞ்ச வாங்க. ஒங்க கணக்குல தண்ணிக்கு எவ்வளவு போட்டிருக்கிய?"

"தண்ணிக்கா? கெணறு இருக்கே. மோட்டாருக்கு மூவாயிரம் போட்டிருக்கேனே."

"மோட்டாரு தண்ணியா? வார்டுல ஒரு பேஷண்டுக்கு உள்ள போன தண்ணிய எழுதாம வெளிய போனத மட்டும் எழுதி வச்சா என்ன வேலைய விட்டே தூக்கிருவாவ. நீங்க மொத வரிய விட்டுட்டு எல்லாம் எழுதியிருக்கிய."

தமிழ்நாட்டில் தோட்டக் கணக்கு எழுதும் எவரும் விதை, உரம், கூலி, வண்டி வாடகை என்றுதான் எழுதுவார். தண்ணீர் கிணற்றில் இருக்கும், அதை ஏற்றும் மின்சாரம் இலவசம். இரண்டுக்கும் விலை கிடையாது, அதனால் கணக்கிலும் இடம் கிடையாது. நான் அச்சிட்ட சாகுபடிக் கணக்குகளில் ஒன்றில்கூட தண்ணீர் என்று ஒரு வரி இருந்ததாக நினைவில்லை. அந்தப் பழக்கத்தை ஜெரால்டு கடல் தாண்டிக் கொண்டுவந்திருந்தார். பார்த்துச் சொல்ல வந்த நானும் அதே பழக்கத்தோடுதான் வந்திருந்தேன்.

கிணற்றடியில் மோட்டாரைப் போடச் சொன்னோம். ஜெரால்டு சோப்பு வாங்கிக் கை கழுவினார். நுரை வரவில்லை. மறுபடி தேய்த்தார், வெள்ளையாகத் திரிந்து கையில் ஒட்டியது. கடற்கரையில் பிறந்தவருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"பாய்" என்றார். "இதுல வெண்ட வருமா?"

"வெண்டையா?" ஹமீது பாய் நின்றுவிட்டார். "புல்லுக்குத்தானே கேக்குறியன்னு இருந்தேன். புல்லு உப்பத் தாங்கும். வெண்டை மொளச்சு நாலு எலை விடும், அப்பறம் கருகிரும்."

"ஒரு வார்த்த சொல்லலியே நீங்க."

"நீங்க ஒரு வார்த்த கேக்கலியே தம்பி. நீங்க வெண்டை போடுவியன்னு நா என்ன ஜோசியமா பாக்குறேன்? இப்ப கேட்டிய, சொல்லிட்டேன். பள்ளிவாசல்லேருந்து வந்தவன்ட்ட பொய் வராது."

அவர் மறைக்கவில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆறு வருடமாக அவருக்கு அது உப்புத் தண்ணீர் இல்லை, வெறும் தண்ணீர்.

சாப்பாடு இருந்தது: ஹமீது பாய் வீட்டு மீன் பிரியாணி, ஸ்டெல்லா கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்கு. ஜெரால்டு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். பாத்தியில் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டாலும் நாற்பது டோனத்துக்கு நாளைக்கு இருபதாயிரம் கேலன் வேண்டும் என்றார் ஹமீது பாய். ஐயாயிரம் கேலன் நல்ல தண்ணீர் டேங்கர், அந்தப் பாதைக்கு இருநூற்றைம்பது திர்ஹம். நாளைக்கு நான்கு டேங்கர், ஆயிரம் திர்ஹம். நான்கு மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். உப்பு நீக்கும் இயந்திரம் வைக்கலாம். பக்கத்துத் தோட்டக்காரர் எண்பதாயிரத்துக்கு வைத்திருந்தார், அதுவும் இதில் பாதி நிலத்துக்குத்தான் போதுமாம். அதிலிருந்து வடியும் கடும் உப்புநீரை எங்கே விடுவது என்பது தனிப் பிரச்சினை.

விட்டுப்போன ஒரு வரி, எழுதிய எல்லா வரிகளையும் கூட்டியதைவிடப் பெரிதாக இருந்தது.

"புல்லே போடுகேனே" என்றார் ஜெரால்டு, யாரையும் பார்க்காமல். "பாய் ஆறு வருசம் ஓட்டலியா?"

"ஓட்டுனேன்" என்றார் ஹமீது பாய். "ரெண்டு வேள சோறு, ஊருக்குக் கொஞ்சம். ஆனா இந்தக் கெணறு வருசத்துக்கு வருசம் உப்பு கூடுது. ஒங்க காசு, ஒங்க இஷ்டம். தங்கச்சி மொகத்தப் பாத்து எனக்கு வேற மாதிரி சொல்ல வரல."

ஸ்டெல்லா கைப்பையைத் திறந்து உறையை எடுத்து, ஜெரால்டின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுல பாதி என் நைட் ட்யூட்டியாக்கும். ஆனா முடிவு நீங்க எடுங்க. நா அப்புறம் ஒரு நாளும் சொல்லிக் காட்ட மாட்டேன்."

ஜெரால்டு உறையைத் தொடாமல் எழுந்து வெளியே போனார். நாங்கள் காத்திருந்தோம். திரும்பி வந்தபோது கையில் துருவேறிய இரும்புத் துண்டு ஒன்று இருந்தது.

"பாய், மோட்டாருக்குக் கீழ உள்ள பிரேம் உதுந்துபோய்க் கெடக்கு. டேங்கு நிக்க காலும் அப்படித்தான். வெளிக் கதவு கீல், எல்லாம் உப்பு தின்னாச்சு. எத்தன வருசத்துக்கு ஒருக்கா மாத்துவிய?"

"ரெண்டு வருசம் தாங்குனா பெரிசு. இங்க எல்லாத் தோட்டத்துலயும் இதே கதிதான். வெல்டர் இவ்வளவு தூரம் வர மாட்டேங்குறான்."

"நா வருவேன்" என்றார் ஜெரால்டு. பிறகு மனைவியிடம், "அத உள்ள வையி."

ஸ்டெல்லா உறையை எடுத்து வைத்தார். ஹமீது பாய் சிரித்தார். "கலாஸ், முடிஞ்சுது. தோட்டத்த விக்கக் கூப்பிட்டேன். கதவு செலவு வந்து சேந்துருச்சு." அதன் பிறகுதான் ஜெரால்டு பிரியாணியைக் கையில் எடுத்தார்.

இருட்டும் நேரத்தில் திரும்பினோம். ஒரு மாதமாக மனதில் வைத்துப் பார்த்த பச்சையை ஒரு மனிதர் சாலையோரத்தில் இறக்கிவிட்டு வருகிறார். அதற்கு ஆறுதல் சொல்வது சரியில்லை. முசஃபா விளக்குகள் தெரிந்தபோது அவரே சொன்னார்: "அந்தத் தொட்டிய ஸ்டெல்லா தட்டலன்னா, இந்நேரம் நா கொழாய் வாங்கிட்டிருப்பேன்."

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குப் பிறகு போங்கள், அதற்கு முன் யாரும் இருக்க மாட்டார்கள். பேசும் மொழி எதுவானாலும், என்ன பயிர் போடப் போகிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பழைய குத்தகைதாரர் நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்வார். கைமாற்றுகிறவரிடம் முன்பணம் தருமுன் அர்பாபை நேரில் பாருங்கள், ஒப்பந்தம் அரபியில் எழுத்தில் வேண்டும். ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போய்ப் பரிசோதித்துவிட்டு வாருங்கள். அவசரத்துக்கு ஒரு சோப்பு போதும். கணக்கு எழுத உட்காரும்போது முதல் வரியில் தண்ணீர் என்று எழுதுங்கள். அதற்கு எதிரே விலை வரும்வரை இரண்டாவது வரிக்குப் போகாதீர்கள்.

ஜெரால்டு இப்போது வெள்ளிக்கிழமை தோறும் பூசை முடிந்து வெல்டிங் இயந்திரத்தோடு அந்த மண் பாதையில் போகிறார். ஹமீது பாய் ஊருக்குப் போய்விட்டார். கதவு போட்ட காசை முழுதாகக் கொடுத்துவிட்டுத்தான் போனாராம். பட்டறைக்குப் பின்னால் வெட்டிய நான்கு டிரம்களில் மண் நிரப்பி ஜெரால்டு வெண்டை போட்டிருக்கிறார். குடிக்கும் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள். போன வாரம் ஸ்டெல்லா போனில் சொன்னார்:

"பதினொரு காய் காச்சிருக்கு சார். ஊத்துன தண்ணிக்கு ஒரு காய் என்ன வெலை வருதுன்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். அவருட்ட சொல்லல. பொரியல் வச்சுக் குடுத்தேன். நல்லா இருக்குன்னாரு."