அண்ணியின் குழாய்த்துண்டு

எங்கள் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்கு நடுவே போன மாதம் வரை ஓர் எஃகுக் குழாய்த்துண்டு கிடந்தது. கட்டைவிரல் நீளம் இருக்கும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நுழைத்தால் அடங்கும் அகலம். இரண்டு விளிம்புகளையும் அரம் போட்டு, கையில் கீறாதபடி வழவழவென்று தேய்த்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஸ்பூன் எடுக்க இழுப்பறையைத் திறந்தால் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார்கள். குக்கர் சாமானா, குழாய் ரிப்பேருக்கு வாங்கியதா என்று கேட்பார்கள். என் அண்ணி கொடுத்தது என்பேன். அதற்கு மேல் சொல்ல உட்கார்ந்தால் டீ ஆறிவிடும் என்பதால் நிறுத்திக்கொள்வேன்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. ஓசூரில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், செய்து முடித்த பாகங்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் வேலை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அந்த வேலை அவரை விடாது. சந்தையில் வாளி வாங்கினால் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார். டிபன் பாக்ஸ் வாங்கினால் கடைக்காரரிடமே தண்ணீர் கேட்டு ஊற்றித் தலைகீழாகக் கவிழ்ப்பார். "பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு நான் எங்க அவளைப் பாத்தேன், அவதான் என்னை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணி அனுப்புனா" என்று அண்ணன் சொல்வான். அண்ணியும் சிரிப்பார். தெருமுனை வரை கேட்கும் சிரிப்பு. அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரியும் பார்த்தாயிற்று, கோயிலும் பார்த்தாயிற்று. அந்தப் பேச்சு வந்தால் மட்டும் அண்ணி எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

எனக்கு மகள் பிறந்து அம்மா வீட்டில் இருந்தபோது, ஒரு நாள் ஷிப்ட் முடிந்து சீருடையோடு நேராக வந்தார். பையிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்து வைத்தார். ஒன்று, உள்ளங்கை அளவில் ஒரு துணி முயல். ரிப்பன் இல்லை, மணி இல்லை, சடைசடையாக ரோமம் இல்லை. கண்ணும் மூக்கும் நூலால் தைத்தவை. வாளியில் போட்டுத் துவைத்து வெயிலில் காயப் போடலாம். மற்றொன்று இந்தக் குழாய்த்துண்டு. பொம்மை செய்யும் கம்பெனியில் முன்பு வேலை பார்த்த ஒரு பெண் இப்போது அண்ணியோடு சேர்ந்திருந்தாள். அங்கே இப்படி ஒரு குழாயில் போட்டுப் பார்த்துத்தான் பச்சைக் குழந்தைகளுக்கான பொம்மையை வெளியே விடுவார்கள் என்று அவள் சொன்னாளாம். உடனே அண்ணி அளவைக் கேட்டு, சூபர்வைசரிடம் சொல்லிவிட்டு, கழிவில் கிடந்த குழாயை வெட்டித் தன் கையாலேயே தேய்த்துக் கொண்டுவந்துவிட்டார்.

"இதுக்குள்ள நுழையுறது எதுவும் பாப்பா கைக்குப் போகக் கூடாது. அவ்ளோதான். இதுல போனா தொண்டையிலயும் போயிடும்" என்றார்.

அவர் போன பிறகு அந்தக் குழாயை ஒரு கண்ணில் வைத்து, பாயில் படுத்திருந்த மகளைப் பார்த்தேன். அவள் தன் கைவிரல்களையே முழுசாக வாய்க்குள் திணிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு வாய்தானே கண். எதைக் கண்டாலும் வாயில் வைத்துத்தான் அது இன்னதென்று தெரிந்துகொள்ளும். நாம் வீட்டுக்குள் விடுகிற ஒவ்வொரு சாமானையும் இந்தச் சின்ன வட்டத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. வீட்டில் இருந்த பொத்தான், புளியங்கொட்டை, பேனா மூடி எல்லாவற்றையும் அன்றைக்கே அதில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் போயின. பயமும் வந்தது, இத்தனை நாள் உலகம் பிள்ளைகளை எப்படித்தான் விட்டுவைத்தது என்ற ஆச்சரியமும் வந்தது.

மூன்றாம் மாதம் என்னைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கெலவரப்பள்ளி அணைக்கு அந்தப் பக்கம் சின்ன ஊர். கணவர் வீட்டார் விவசாயக் குடும்பம். தங்களுக்குள் தெலுங்கும் என்னோடு தமிழும் பேசுவார்கள். பெயர் வைத்துத் தொட்டிலில் போடும் விழாவுக்கு ஊரே வந்திருந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் அம்மிக் குழவியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, புதுத்துணியில் சுற்றித் தொட்டிலில் கிடத்தி ஆட்டுவார்கள். பிள்ளை கல்லு மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்காக. அதை எடுத்துவிட்டுப் பிறகுதான் பிள்ளையைக் கிடத்துவார்கள். கிடத்துகிறவள் நாலு பெற்றவளாக இருக்க வேண்டும். அன்று என் கணவரின் சித்தி கிடத்தினார். அவரை நான் சின்னத்தை என்று கூப்பிடுவேன்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் வந்தான். தாய்மாமன் சீர் தட்டோடு, தோளில் ஒரு யானை. பெங்களூர் சாலை ஓரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தப் பொம்மைகளில் இருப்பதிலேயே பெரியது. சாம்பல் ரோமம், பளபளவென்று கறுப்புக் கண், கழுத்தில் சிவப்பு ரிப்பனும் மணியும். அண்ணியிடம்கூடச் சொல்லாமல் வாங்கி ஒளித்துவைத்திருந்தான். "சானமாவு காட்டுல இருந்து வர்ற நிஜ யானையே ராகிக் கொல்லையில வந்து நிக்குது, இது வேறயா" என்று என் மாமனார் கேலி செய்ததும் கூட்டம் சிரித்தது. அண்ணனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. போட்டோவுக்காக யானையைத் தொட்டிலுக்குள் மகள் பக்கத்தில் வைக்கக் குனிந்தான்.

"அதை உள்ள வெக்காதீங்க" என்றார் தொட்டில் பக்கத்தில் நின்றிருந்த அண்ணி.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. தாய்மாமன் சீரை மாமன் பெண்டாட்டியே தடுக்கிறாள் என்றால் சபையில் எப்படி இருக்கும். அண்ணன் குனிந்த வாக்கில் அப்படியே நின்றான். அண்ணனின் மானம் ஒரு பக்கம், புகுந்த வீட்டுச் சனம் ஒரு பக்கம், நடுவில் என் மகள். அண்ணி யானையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை தூங்கும் இடத்தில் முதல் வருடம் பொம்மை எதுவும் இருக்கக் கூடாது, மூக்கில் அழுந்தினால் தள்ளிவிட அதற்குத் தெரியாது என்றார். அப்புறம், இந்தக் கண்ணைப் பார்க்க வேண்டும் என்றார்.

சின்னத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்து வளத்தவங்க இத்தினி பேரு நிக்கிறோம். எங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடிச்சா?"

அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அண்ணி எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் போகவில்லை. யானையின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நான் பெத்ததில்ல அத்தை. அதான் இழுத்துப் பாக்குறேன். பழகுன கண்ணு சில நேரம் தாண்டிப் போயிடும். எங்க கம்பெனி லைன்லயும் புதுசா வந்தவதான் குறையப் புடிப்பா." பிறகு தொட்டிலைக் காட்டினார். "இப்பதான குழவியப் போட்டு ஆட்டிப் பாத்தீங்க. கயிறு தாங்குதான்னு தெரியாம புள்ளையப் போடல இல்ல? நானும் அதைத்தான் பண்றேன்."

யானையின் கண்ணைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இழுத்தார். கண் வரவில்லை. இன்னொரு முறை பலமாக இழுத்தார். அசையவேயில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அண்ணன், "போதும் விடு" என்றான். அண்ணி விடவில்லை. வெந்நீர் கேட்டார்.

"பாப்பா காஞ்ச கையாலயா இழுக்கப் போவுது? வாயில வெச்சி ஊற வெச்சில்ல இழுக்கும்."

துண்டை வெந்நீரில் நனைத்து யானையின் முகத்தில் சுற்றி மூலையில் உட்கார வைத்தார். காய்ச்சல்காரனுக்குப் பற்றுப் போட்ட மாதிரி அது உட்கார்ந்திருந்தது. பந்தி நடந்தது. அண்ணி சாப்பிட உட்காராமல் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினார். சின்னத்தை இலைக்கும் ஊற்றினார். நடுநடுவே போய்த் துண்டை நனைத்துவிட்டு வந்தார். அந்தக் கண் பிடுங்கிக்கொண்டு வர வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டேன். வராவிட்டால் அண்ணி இனி இந்த வாசலை மிதிக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் துண்டை அவிழ்த்தார். சின்னத்தையிடமே யானையை நீட்டி, "நீங்களே இழுங்க அத்தை" என்றார். சின்னத்தை அலட்சியமாக இரண்டு விரலால் பிடித்தார். இழுத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. கண் கையோடு வந்துவிட்டது. தையல் ஏதும் இல்லை, வெறும் பசைதான். அது இருந்த இடத்தில் ஓட்டை, அதற்குள் பஞ்சு தெரிந்தது.

அண்ணி தன் பையிலிருந்து இன்னொரு குழாயை எடுத்தார். தனக்கென்றும் ஒன்று செய்து வைத்திருந்தார் போல. தாம்பாளத்தின் மேல் பிடித்து, "போடுங்க" என்றார். சின்னத்தை போட்டார். கண் தடையே இல்லாமல் இறங்கித் தாம்பாளத்தில் டங்கென்று விழுந்தது. நாலு பிள்ளை பெற்ற சின்னத்தை தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் தொட்டிலைப் பார்த்தேன். மகள் அண்ணி கொடுத்த முயலின் காதைச் சப்பிவிட்டுத் தூங்கிப்போயிருந்தாள். முயலை யாரோ ஏற்கெனவே எடுத்து வெளியே வைத்திருந்தார்கள். அன்று எனக்கு வந்த பிரமிப்பை இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது வருமே, அது எங்கள் வீட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து எனக்கு வந்தது.

அதோடு அவர் முடித்துக்கொள்ளவில்லை. அண்ணன் வாசலில் போய் நின்றிருந்தான். அவனைக் கூப்பிட்டு, "ரிஜெக்ட் இல்லங்க, ரீவொர்க்தான்" என்றார். குறையைச் சரிசெய்து திரும்ப அனுப்புவதை அவர்கள் கம்பெனியில் அப்படிச் சொல்வார்கள். மீதிக் கண்ணையும் பிடுங்கினார். மணியையும் ரிப்பனையும் அறுத்தார். ஊசியில் கறுப்பு நூல் கோத்து இரண்டு கண்களைத் தைத்தார். ஒன்று கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. பாப்பா நடந்து ஓடியாடும்போது கொடுங்கள், மாமன் வாங்கித் தந்தது என்று சொல்லிக் கொடுங்கள் என்றார். "வீட்டுலயும் ரீவொர்க்கா" என்று அண்ணன் முனகினான். ஆனால் அவன் முகம் தெளிந்திருந்தது.

அந்த யானை இப்போதும் இருக்கிறது. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். யானைக்கு ரோமம் படிந்து, ஒரு கண் உயர்ந்து, எதையோ சந்தேகப்படுகிற முகம். "இது மாமா யானையா, அத்தை யானையா" என்று அவள் கேட்டால் இரண்டு பேரும் எனது எனது என்று சண்டை போடுவார்கள். அண்ணிக்கு இன்னும் குழந்தை இல்லை. இப்போது அவர் அந்தப் பேச்சுக்கு எழுந்து போவதில்லை, அவ்வளவுதான் மாற்றம்.

போன மாதம் சின்னத்தையிடமிருந்து போன் வந்தது. அவருடைய கடைசி மகனுக்குப் பிள்ளை பிறந்து, தொட்டில் போடும் விழா வைத்திருந்தார்கள். அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு வா என்றார். பிறகு, "உங்க அண்ணி வருவாளா? நானே கூப்புட்டா வருவாளா?" என்று கேட்டார். கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன்.

அண்ணி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். வந்த பொம்மைகளையெல்லாம் சின்னத்தை தானே அவர் முன்னால் பரப்பினார். அண்ணி இழுத்தார், நனைத்தார், திருப்பித் தையல் பார்த்தார், குழாயில் போட்டார். முத்துச் சட்டை போட்ட ஒரு பொம்மை அலமாரி மேலே போனது. ஒரு துணி வாத்து தேறியது. பிறகு குழவியைக் கிடத்தி ஆட்டினார்கள். குழவியை எடுத்த சின்னத்தை, பேரனை வாங்கி, கூட்டத்தைத் தாண்டிப் போய் அண்ணியின் கையில் கொடுத்தார்.

"நீ போடு."

அண்ணி பின்னால் நகர்ந்தார். ஒரு கிழவி தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். சின்னத்தை அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "எல்லா சாமானும் அவ கையத் தாண்டித்தான் புள்ளைகிட்டப் போவுது. புள்ளைய மட்டும் வேற கை போடணுமா?"

அண்ணி உடனே கிடத்திவிடவில்லை. பிள்ளையை இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கையால் தொட்டில் முடிச்சை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், அழுகை வந்துவிட்டது. கிடத்தினார். தொட்டிலில் பிள்ளையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கிளம்பும்போது குழாயைக் கேட்டேன். "இங்கியே இருக்கட்டும்" என்றார் சின்னத்தை. என் இழுப்பறையில் அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. வேறு ஒன்று செய்து தருகிறேன் என்கிறார் அண்ணி, நான்தான் வேண்டாம் என்றேன். போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன். சின்னத்தை அதைப் புளி போட்டுத் தேய்த்து, பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.